பச்சைப் பொத்தானில் ஒரு கறுப்பு நூல்

நான் ஓட்டும் பிரஸ்ஸின் இடப்பக்கப் பச்சைப் பொத்தானின் விளிம்பில் கறுப்பு உல்லன் நூலின் இழை ஒன்று சிக்கியிருக்கிறது. எண்ணெயும் தூசியும் ஏறிப்போனதால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மிஷினைத் துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவேன். தினமும் காலையில் முதலில் அதைத்தான் தேடிப் பார்ப்பேன்.

ஓசூரில் எங்களுடையது சின்னக் கம்பெனி. வண்டிகளுக்கான தகட்டு வளையங்களை அடித்துக் கொடுக்கிறோம். பிரஸ்ஸின் மேல்பாகம் இறங்கி ஒரு அடி அடித்தால் ஒரு வளையம். அது இறங்கும்போது கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக ஓட்டுகிற ஆளின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அடிக்கும். சொந்த ஊரான கல்லாவியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு வந்த எனக்கு, வேலையில் சேர்ந்த அன்று முதலில் சொன்னது இதைத்தான்.

அடித்த வளையங்களை விரலால் தடவிப் பிசிறு பார்ப்பது செக்கிங் அக்காவின் வேலை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். யாரோடும் பேசாமல் சாப்பிடுகிற எனக்கு எதிரில் தானாக வந்து உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். "தம்பி வாயத் தொறந்தா மிசின் நின்னு போவும்னு யாரும் சொல்லிட்டாவளா?" என்று கேட்பார். நான் சோற்றைப் பார்த்துச் சிரிப்பேன்.

ஒரு மாதம் முழுக்கச் சாப்பாட்டு இடைவேளையில் அவர் ஒரு பொம்மை பின்னினார். அவருடைய மகள் போனில் ஆடும் விளையாட்டில் குகைக்குள் ஒரு ஒற்றைக்கண் பூதம் உண்டாம். இருட்டில் அதன் பச்சைக் கண் மட்டும் எரியுமாம். "கடை கடையா ஏறி எறங்கியாச்சு, இல்ல. சரி, நானே பின்னிப்புடுதேன்னு சொல்லிட்டேன்" என்றார். போனை டம்ளரில் சாய்த்துப் படத்தைப் பார்த்துக்கொண்டே, கொக்கி ஊசியால் கறுப்பு நூலைச் சுற்றுச் சுற்றாக இழுத்து முடிவார். உதடு எண்ணிக்கொண்டே இருக்கும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறும். அந்தச் சுற்றையே பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவார். "நீங்கதான் தம்பி நல்ல ஆளு. எண்ணிக்கையக் கலைக்கவே மாட்டிய."

பழைய தலையணைப் பஞ்சை அடைத்ததும் பூதம் உருண்டு திரண்டு உட்கார்ந்தது. கண்தான் அமையவில்லை. சட்டைப் பொத்தானை வைத்துப் பார்த்தார். "பூதம் மாதிரியா இருக்கு? கண்ணு வலி வந்த பூனை மாதிரில்லா இருக்கு" என்று பிடுங்கிப் போட்டார்.

மூலையில் மூன்றாம் பிரஸ் பல மாதங்களாக ஓடாமல் கிடந்தது. காயலான் கடைக்குப் போகப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அதன் இடப்பக்கப் பொத்தானின் தலையை நான் திருகி எடுத்தேன். "கீழ கெடந்துச்சுக்கா" என்று அவர் மேசையில் வைத்தேன். அவர் முகம் மலர்ந்துபோனது. அதன் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு நூலால் வளையம் பின்னி, பூதத்தின் முகத்தில் இறுக்கித் தைத்தார். அன்று ஷிப்ட் முடியும்வரை எனக்கு மிதக்கிற மாதிரி இருந்தது.

இரண்டு நாளில் அவசர ஆர்டர் வந்தது. மூன்றாம் பிரஸ்ஸை ஓட்டச் சொல்லிவிட்டார்கள். பொத்தானைக் காணவில்லை என்றதும் எலக்ட்ரீஷியன் உள்ளே இருந்த ஒயர்களை ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினார். "ஒரு கையிலயே ஓடும், வேலை சீக்கிரம் ஆவும்" என்று சிரித்தார். ஆள் குறைவு. சூப்பர்வைசர் செக்கிங் அக்காவைக் கூப்பிட்டு அதில் உட்கார வைத்தார்.

அப்போது நான் ஓட்டிய பிரஸ்ஸிலிருந்து பார்த்தால் பொத்தான் போன ஓட்டை நேராகத் தெரிந்தது. அக்காவின் வலக்கை பொத்தான்மேல் இருந்தது. இடக்கைக்கு வேலை இல்லை. அது சும்மா இருக்கிற கை இல்லையே. தகட்டை நகர்த்தியது, வளையத்தை எடுத்தது, ஒவ்வொரு முறையும் உள்ளே போய்ப் போய் வந்தது. கத்த வேண்டும் என்று நினைத்தேன். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அதற்கு முந்தின மாதம்தான் ஒயர்த் துண்டைத் திருடினார் என்று ஒருவரை வேலையை விட்டே நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் நான் எண்ணினேன். இப்போது சொல்லிவிடலாம், இந்த அடிக்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். பதினோராவது அடியில் ஒரு வளையம் உள்ளே சிக்கிக்கொண்டது. அக்கா வலக்கையை எடுக்காமலேயே இடக்கையை உள்ளே விட்டார்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தூணில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்துவிட்டேன். ஷெட் முழுக்க எல்லாம் நின்றது.

"எவன்டா மெயின ஆப் பண்ணது?" என்று சூப்பர்வைசர் வந்தார். என்னால் அந்த ஓட்டையைக் கைகாட்ட மட்டும்தான் முடிந்தது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இடக்கையை மெல்ல வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பொத்தான நான்தான் சார் எடுத்தேன். காயலான் கடைக்குப் போற மிசின்னு நெனைச்சேன்" என்றார் அக்கா.

"புத்தி இருக்காம்மா ஒனக்கு? பொம்மை வெளையாடுற வயசா?" என்று அத்தனை பேர் முன்னால் சூப்பர்வைசர் அவரைத் திட்டினார். மறுநாள் அக்கா பொம்மையைக் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்க நூலை அறுத்துக் கண்ணை மேசைமேல் வைத்தார். விளிம்பில் ஒரு இழை ஒட்டியிருக்க, எலக்ட்ரீஷியன் அதை எடுத்து மூன்றாம் பிரஸ்ஸில் திரும்ப மாட்டினார்.

அந்த வருடமே அவர் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினார். கடைசி நாள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பொம்மையை என் கையில் கொடுத்தார். கண் இருந்த இடத்தில் பச்சை நூலால் மூடின இமை ஒன்றைப் பின்னியிருந்தார்.

"வெளையாட்டுல இது தூங்கவே தூங்காதாம். எம்மவ வேண்டாம்னுட்டா. அவளுக்கு வேற பின்னணும். நீங்க அன்னைக்குப் பாத்த ஒடனே ஓடி வரலைன்னா எந்தக் கையால பின்னுவேன், சொல்லுங்க?"

பார்த்த உடனே. பதினோரு அடி எண்ணிக்கொண்டு நின்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது.

இப்போதும் கிறிஸ்துமஸுக்கு என் போனுக்குப் படம் அனுப்புகிறார். புதிதாகப் பின்னிய ஏதாவது ஒரு பொம்மையை இரண்டு கையாலும் பிடித்திருப்பார். நான் முதலில் விரல்களைத்தான் எண்ணுவேன்.

மூன்றாம் பிரஸ்ஸை இன்று நான்தான் ஓட்டுகிறேன். இடக்கைக்கு அடியில் அந்த நூல் இருக்கிறது. இரண்டு பொத்தான்களையும் அழுத்தி அழுத்தி, பதினொன்று வந்ததும் கை தானாக நின்றுவிடும். "என்னண்ணா, தூக்கமா?" என்பார்கள் பக்கத்து மிஷினில். இல்லை என்று தலையாட்டிவிட்டு, உள்ளே யாருடைய கையும் இல்லை என்று குனிந்து பார்த்த பிறகுதான் பன்னிரண்டாவதை அடிப்பேன்.