ஒற்றை முனை ஜமுக்காளங்கள்

பாரசீகக் கம்பளங்களை நடுவில் பதக்கம் உள்ளவை, மரமும் விலங்கும் உள்ளவை என்று வகைபிரித்து எழுதிய நூல்களை விரும்பிப் படிப்பவன் நான். அந்தப் பழக்கத்தில்தான் கொல்லிமலை வீடுகளில் உள்ள ஜமுக்காளங்களையும் வகைபிரிக்கத் தொடங்கினேன். வெறும் பட்டைகள் மட்டும் போட்டவை முதல் வகை. இரு முனைகளிலும் பூவரிசை வைத்தவை இரண்டாவது. ஒரு முனையில் பூவும், மறுமுனையில் பாதி அகலமே உள்ள ஒரு பட்டையுமாக முடிபவை மூன்றாவது. இந்த மூன்றாவதைப் பற்றி எந்த நூலிலும் இல்லை. மலைக்கென்றே நெய்தது என்று நம்பி ‘ஒற்றை முனை’ என்று பெயரும் வைத்தேன்.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான வாழவந்தி நாட்டில் ஒரு வீட்டுக்குப் போனேன். நெஞ்சுச் சளியோடு படுத்திருந்த வீட்டுக்காரருக்குக் கீழே ஒற்றை முனை ஒன்று விரித்திருந்தது. எந்த வருடம் வாங்கியது என்று கேட்டுவிட்டு, அபூர்வமான வகை என்றும் சொன்னேன். அவர் மனைவி சிரித்துவிட்டார்.

“வகையாவுது ஒண்ணாவுது! அருவாள்ல அறுத்தது சாமி. அண்ணந்தம்பி பாகம் பிரிக்கிறப்ப இங்க எல்லா ஊட்லயும் அறுக்கறதுதான். அறுத்த பக்கத்த நாந்தான் மடிச்சுத் தெச்சேன்.”

“மறுபாதி?”

“வளப்பூர் நாட்ல, கொழுந்தனாரு ஊட்ல. பேச்சு நின்னப்ப கைக்கொழந்தையா இருந்த அவரு பையனுக்கே இப்பக் கல்யாணமாயிருச்சு.”

படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். “ஏனுங்க, நீங்கதான் ஊரூராப் போறீங்களே. அவன ஒருக்கா வரச் சொல்லுங்க. நான் ரொம்ப நாளு தாங்க மாட்டேன்.”

வியாழக்கிழமை செம்மேட்டில் பஸ் மாறி வளப்பூர் நாட்டுக்குப் போனேன். தம்பி வாசலில் மிளகு காயப்போட்டிருந்தார். மிளகுக்கு அடியில் கிடந்தது மறுபாதி. அண்ணன் சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். பிறகு அதைச் சாக்கில் வாரிக் கொட்டிவிட்டு, ஜமுக்காளத்தை உதறி மடித்து என் கையில் வைத்தார்.

“இது ஒண்ணையாச்சும் முழுசாக் குடுங்கன்னு அன்னிக்குக் கேட்டேன். அவருதான் அருவாளப் போட்டாரு. இந்தாங்க, அவரே முழுசா வெச்சுக்கட்டும்.”

“நீங்க வரலீங்களா?”

“அதான் குடுத்துட்டனே. பஸ்ஸு போயிரும், கெளம்புங்க.”

அண்ணன் வீட்டில் அந்த அம்மா இரண்டு பாதிகளையும் சேர்த்து விரித்தார். பாதிப் பட்டைகள் சேர்ந்து ஒரு முழுப் பட்டையாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. இரண்டு மடிப்புகளும் நடுவைத் தின்றுவிட்டிருந்தன. ஒன்று படுத்துப் படுத்து வெளுத்திருந்தது, இன்னொன்றில் மிளகுக் கறை. அண்ணன் துணியைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் வாசலையே பார்த்தார்.

“பின்னால வாரானா?”

“வருவாரு, வருவாரு” என்றார் மனைவி.

“பொய் சொல்லாத புள்ள. சுருட்டி அந்தாண்ட வையி. மொளகு நெடி அடிக்குது.” சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாசி பிறந்த மறுவாரம் இறந்துபோனார். தம்பி அதற்கும் வரவில்லை.

ஒற்றை முனை வகையில் இன்னும் பல வீடுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். எந்தப் பாதிக்கு எது ஜோடி என்று பட்டைகளின் நிறத்தையும் அகலத்தையும் வைத்து இப்போது என்னால் சொல்லிவிட முடியும். யாரும் கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்வதாக இல்லை.