பதுங்குகுழியில் கேட்ட ஒற்றைச் சுரம்

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் சைக்கிள் மணி கேட்டு எட்டிப் பார்த்தேன். நம் மெல்லிசைக் குழுவில் பாங்கோஸ் வாசிக்கும் தனபால் விடிந்ததும் வந்து நிற்கிற ஆள் இல்லை. "சரோஜாக்கா, அக்கார்டியன் அண்ணாத்தே பூட்டாரு" என்றான். கச்சேரிக்காகப் பூந்தமல்லி பஸ்ஸுக்கு நின்றவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பிறகு எழுந்திருக்கவில்லை. என் வாயில் முதலில் வந்த கேள்வி, "அவரோட அக்கார்டியன் பெட்டி எங்கே?" என்பதுதான். "மடிலதான் வச்சிகினு இருந்தாரு" என்றான். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அக்கார்டியன் வாசித்த மரியதாஸ் அண்ணனை ஆவடியில் பலரும் பர்மாக்காரர் என்றே அறிவார்கள். ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர். அறுபதுகளின் நடுவில் அங்கே நம்மவர்கள் இருக்க முடியாமல் போனபோது, மனைவி ரோசி அக்காவோடு கப்பலேறி, அதற்கு முன் பார்த்தேயிராத இந்த மண்ணுக்கு வந்தார். ரங்கூன் துறைமுகத்தில் அக்காவின் கம்மல்வரை கழற்றி வாங்கிக்கொண்ட அதிகாரி, அக்கார்டியனுக்குள் தங்கம் இருக்கும் என்று அதன் துருத்தியைக் கிழிக்கக் கத்தியை எடுத்தானாம். உள்ளே ஏதாவது அடைத்திருந்தால் ஓசை வராது என்று வாசித்துக் காட்டி இவர் அதைக் காப்பாற்றியிருக்கிறார். அன்றிலிருந்து காக்கிச்சட்டையைக் கண்டால் நடுக்கம். ராணுவத் தொழிற்சாலை இருக்கிற ஆவடியில் காக்கிச்சட்டைக்கா பஞ்சம்? தபால்காரர் வந்தாலும் பெட்டி கட்டிலுக்கடியில் போய்விடும். "ரங்கூன்ல இருந்து கடல் தாண்டி வந்தவரு, தபால்காரரைத் தாண்ட மாட்டேங்கிறீங்களே" என்று கேலி செய்வேன். நானே ஒரு பயந்தாங்கொள்ளி என்பதால் அவர் கோபித்துக்கொண்டதில்லை.

கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசித்தாலும், அவர் மனசெல்லாம் சொந்த மெட்டில்தான். பஸ்ஸில் விரல்கள் தொடையில் ஓடிக்கொண்டே இருக்கும். பாரிவாக்கம் ஏரிக்கு ஒரு மெட்டு, சென்னீர்குப்பம் டீக்கடைக்கு ஒரு மெட்டு. எவரும் கேட்டு வாங்காத அந்த மெட்டுகளைப் பந்தி நடக்கும்போது நைசாக நுழைத்துவிடுவார். "எலை போட்டுட்டா எல்லாருக்கும் சோத்து மேல கண்ணும்மா. அப்ப என் சரக்கை உட்டுர்வேன், ஒருத்தனும் நிறுத்தச் சொல்ல மாட்டான்" என்பார். சாம்பார் வாளியோடு நின்று கேட்ட பரிமாறுகிறவர்கள்தான் அவருடைய முதல் ரசிகர்கள்.

எழுபத்தொன்றில் போர் வந்த அந்த டிசம்பரை நம்மில் யார் மறப்போம்? ஜன்னலெல்லாம் பழுப்புக் காகிதம். தொழிற்சாலைச் சங்கு ஏறி இறங்கி அலறினால் மைதானத்துப் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். ஒரே சுரத்தில் நீளமாக ஊதினால் ஆபத்து நீங்கியது, மேலே வரலாம். ஒத்திகையா நிஜமா என்று சொல்ல மாட்டார்கள். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம் சங்கு அலறியது. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து நாங்களும் பக்கத்துத் தெருவிலிருந்து அண்ணனும் அக்காவும் ஒரே குழியில் விழுந்தோம். பெட்டியை வீட்டில் விட அவருக்கு மனசில்லை, நெஞ்சோடு அணைத்திருந்தார். நெருக்கத்தில் துருத்தியின் வார் அறுந்துவிட்டது. துருத்தி தன் கனத்தில் தானாக விரிய, அவர் உடம்பு அழுத்திய கட்டையிலிருந்து ஒரே சுரம் நீளமாகக் கிளம்பியது.

"உட்டாச்சு, உட்டாச்சு!" என்று அடுத்தடுத்த குழிகளில் இருந்தவர்களெல்லாம் ஏறினார்கள். எவனோ பீடி பற்றவைத்தான். ஒரு வீட்டில் விளக்கே எரிந்தது. காவல் இருந்தவர்கள் விசிலடித்துக் கத்தியபடி ஓடிவந்தார்கள். எல்லோரும் திரும்ப விழுந்து படுத்தோம். என் பக்கத்தில் அண்ணன் துருத்தியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். "என்னால எல்லாரும் செத்திருப்பாங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

விமானம் எதுவும் வரவில்லை. மறுநாள் காலை போலீஸ்தான் வந்து, பெட்டியோடு அண்ணனைக் கூட்டிப்போனது. வெளிநாட்டிலிருந்து வந்தவன் வேண்டுமென்றே ஊதினான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரோசி அக்கா அழுதுகொண்டு என்னிடம் ஓடிவந்தார். "நீ ஸ்டேஷன் படி ஏறினா என் வேலைக்கே உலை வச்சிருவாங்க" என்றார் என் கணவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனாலும் ஸ்டேஷனுக்குப் போனேன்.

மேஜைமேல் அக்கார்டியன். பக்கத்தில் கத்தியோடு ஒரு காவலர். "இன்னாய்யா, இத்தினி பட்டன் எதுக்கு கீது? உள்ளே கம்பியில்லாத் தந்தியா? கிழிச்சுப் பாத்துடலாமா?" என்றார் இன்ஸ்பெக்டர். "வாசிச்சுக் காட்டறேன் சார்" என்று அண்ணன் பெட்டியை மாட்டிக்கொண்டார். விரல் கட்டையில் விழவில்லை. ரங்கூனில் காப்பாற்றிய கை இங்கே மரத்துப்போய் நின்றது. கத்தி துருத்திக்குக் கிட்டே வந்துவிட்டது. என்னையறியாமல் பாரிவாக்கம் ஏரி மெட்டை முனகினேன். குரல் நடுங்கி, சுருதி எங்கோ போனது. சுருதி தப்பினால் அவருக்குப் பொறுக்காது. சட்டென்று சரியான சுரத்தை வாசித்துக் காட்டினார், என்னைத் திருத்துவதற்காக! பிறகு கை தானாக ஓடியது. நடுங்கும் கையில் துருத்தியும் நடுங்க, ஏரியில் காற்றடிப்பதுபோல் இருந்தது. முடிவில் அந்த ஒற்றைச் சுரத்தை இழுத்தார். காவலர் சிரித்துவிட்டார்: "சார், நேத்து நானும் இதைக் கேட்டுத்தான் குழியிலேர்ந்து ஏறிட்டேன்!" இன்ஸ்பெக்டரும் சிரிப்பை அடக்கி, "எடுத்துகினு போய்யா. முதல்ல அந்த வாரைத் தைச்சுப் போடு" என்றார்.

அதன்பின் தன் மெட்டு எதுவானாலும் அந்த நீண்ட சுரத்தில்தான் முடிப்பார். "பட்ட பயம் போதாதா அண்ணே, அதை ஏன் இழுக்கிறீங்க?" என்று கேட்டேன். "அன்னிக்குப் பொய்யா ஊதிட்டேன்ல. எல்லாரும் நெசமாவே மேல வரட்டும்னுதான்" என்றார்.

அவர் பயம் கடைசிவரை போகவில்லை, என்னுடையதும் போகவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சுரம் ஒன்றுதான். நேற்று, அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலை, மின்சாரம் நின்றுபோனது. இருட்டில் எழுந்திருக்கப் பயம். ஒரு மூச்சு தீரும்வரை அந்தச் சுரத்தைக் குரலில் இழுத்தேன். அது நின்றதும் எழுந்துபோய் விளக்கை ஏற்றினேன்.