மெல்லக் கதைக்க வைத்த மடிக்கணினி

மானிப்பாயில் எங்கள் பக்கத்து வீட்டு பியூலா அக்காவுக்கு மெல்லப் பேசத் தெரியாது. இங்கிலிஷ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் மீன்காரரோடு விலை பேசுவது எங்கள் குசினி அடுப்படிவரை கேட்கும். அப்படிப்பட்டவர் அன்று என்னைக் கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்தி, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் காதுக்குள் சொன்னார்.

"மெல்லக் கதை, பிரமிளா. உதுக்குள்ளை ஆரோ இருந்து பாக்கினம்."

கறியை அடுப்பில் விட்டுவிட்டு வந்த எனக்கு எரிச்சல். மேசையில் அக்காவின் ரொறன்ரோ மகள் கொடுத்த பழைய மாக் மடிக்கணினி. மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்ததை அன்றுதான் எடுத்துச் சார்ஜ் ஏற்றியிருந்தார். எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே எச்சரிக்கை: இணைப்பு பாதுகாப்பானதல்ல, நீங்கள் எழுதுவதை வேறு யாராவது பார்க்கக்கூடும்.

"நான் மகளுக்கு ஊர்ப் புதினமெல்லாம், இஞ்சை நடக்கிறது முழுக்க எழுதிறனான். வந்து பிடிச்சுக்கொண்டு போனால்?"

வந்த சிரிப்பு அதோடு அடங்கிவிட்டது. திரையின் மூலையைப் பார்த்தேன். பற்றரி அடியோடு இறங்கியதில் கணினியின் திகதி 2001 ஜனவரிக்குப் போயிருந்தது. திகதி பிழையாக இருந்தால் எந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றையும் உலாவி நம்பாது. இன்றைய திகதியைப் போட்டேன். பக்கங்கள் ஒரு முறைப்பாடும் இல்லாமல் திறந்தன.

அக்கா பெருமூச்சு விட்டு ஜன்னலைத் திறந்தார். பிறகு தெருமுனைவரை கேட்கும் குரலில் சொன்னார்:

"அப்ப உதிலை பிழையில்லை. இரண்டாயிரத்தொண்டிலை, சண்டை நேரம், ஆமிக்குப் பயந்து நாங்கள் உப்பிடி மெல்லத்தானே கதைச்சனாங்கள்!"