ஏழாம் மாடியில் பேறுகால அறை

மகள் பிறந்து பன்னிரண்டாம் நாள். திருவனந்தபுரத்தில் எங்கள் ஃப்ளாட் ஏழாவது மாடியில். அதற்கு மேல் மொட்டைமாடி மட்டும். மார்ச் கடைசியில் மதியம் அந்தக் கூரைக்குக் கீழே நின்றால் முதலில் உச்சந்தலை சுடும்.

மனைவிக்குப் பேறுகாலம் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து அக்கா வந்திருந்தாள். படுக்கையறைச் சன்னல்களை அடைத்தாள். ஃபேன் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். ஊரில், ஓட்டு வீட்டில், அவளுடைய மூன்று பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

"மூச்சு முட்டுது மைனி," என்றாள் மனைவி.

"பச்சை உடம்புல காத்துப் பட்டா, பொறவு இடுப்பு வலின்னு கெடக்கப்போறது யாரு? நானா?"

நான் சிரித்தேன். பத்திரிகையில் வெயில் எச்சரிக்கைச் செய்திகளுக்குத் தலைப்புப் போடுகிறவன் நான்.

இரண்டே காலுக்குக் குழந்தையைத் தொட்டேன். நெற்றி சுட்டது. காய்ச்சல் என்று நினைத்தேன். காய்ச்சல் வந்தால் போர்த்துவது எங்கள் வீட்டு வழக்கம். கம்பளித் தொப்பியை மாட்டி, அக்கா சுற்றியிருந்த இரண்டு துணிக்கு மேல் இன்னொரு துணியும் சுற்றினேன்.

கால் மணி நேரம் கழித்து அவள் பால் குடிக்கவில்லை. உதட்டில் துளி விட்டும் வாய் திறக்கவில்லை. கையைத் தூக்கி விட்டேன், அப்படியே விழுந்தது. அழவும் இல்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. படியில் ஓடி, நான்காம் மாடியில் இருக்கும் நர்ஸின் கதவைத் தட்டினேன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பேச்சில் பாதி மலையாளம். செருப்புப் போடாமல் வந்தாள்.

"என்ட ஈஸ்வரா! இது ரூமா, இட்லிச் சட்டியா? துணியெல்லாம் வேகம் எடுங்க சாரே. ஐஸ் வேண்டாம், கேட்டோ? சாதா வெள்ளத்துல துடைச்சா மதி."

மனைவி பச்சைத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தாள். நர்ஸ் பிளாஸ்திரியைப் பிய்த்து ஃபேனைப் போட்டாள். சன்னலைத் திறந்தாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள்.

ஆட்டோவில் மனைவி குழந்தையின் மார்பை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. எனக்கு அங்கே பார்க்கத் துணிவில்லை. சிக்னல்களை எண்ணினேன். ஐந்து.

எத்தனை துணி சுற்றியிருந்தது என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு," என்றாள் அக்கா.

"மூணு," என்றேன். "தொப்பி வேற. கடைசித் துணியும் தொப்பியும் நான் போட்டது."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். குழந்தை பால் குடிக்கிறதா என்று பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

ஐந்தரைக்குக் குடித்தாள். இரண்டு இழுப்பு. நின்றாள். எங்களில் யாரும் அசையவில்லை. பிறகு விடாமல் இழுத்தாள்.

அக்கா வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போனதும் சன்னலை நீயே தொறந்துரு தம்பி," என்றாள். "எனக்குக் கை வராது."