முன்சக்கரத்தில் கட்டிய நூல்

நான் அந்த நூலைக் கட்டியபோது அங்கே விரிசல் ஏற்கெனவே இருந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் இங்கிலாந்தில் படித்து முடித்ததும், பந்தயக் கார் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் வரைபடம் வரையும் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு நண்பர்கள் ஒரு கொட்டிலில் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களுடைய எடை குறைந்த கார்கள் பெரிய நிறுவனங்களின் கார்களைத் தோற்கடித்தன. பிறகு பெரிய தொழிற்சாலைக்கு மாறினார்கள். ஒவ்வொரு வருடமும் எடையை இன்னும் குறைக்கச் சொன்னார்கள். கடைசி வருடத்தில் கார்கள் ஓட்டத்தின் நடுவில் நின்றன. முன்சக்கரத்தைக் காரோடு பிடித்திருக்கும் இரும்புக் கை உடைந்துகொண்டே இருந்தது. வாங்குகிறவர்கள் விலகிப்போக, தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

அந்தக் கையை வரைந்தவர் என் கணவர்.

"நான் கீறினதில பிழையில்லை. அவை ஒட்டினதுதான் பிழை," என்பார், யாரும் கேட்காமலே. வரைபடம் சரி, தொழிற்சாலையில் இரும்பை உருக்கி ஒட்டியவர்கள்தான் பிழைவிட்டார்கள் என்பது அவர் வாதம்.

நாங்கள் கனடாவுக்கு வந்த பிறகு, அந்தக் கடைசிக் கார்களில் ஒன்று கியூபெக் மாகாணத்தில் இருப்பதாக அறிந்து வாங்கிவந்தார். ஸ்ரௌவ்வில் நகரத்தில் எங்கள் வீட்டுக் கராஜில் இரண்டு குளிர்காலம் அதைத் திருத்தினார். தானே பந்தயத்தில் ஓட்டி முடித்துக் காட்டவேண்டும் என்பது அவருடைய எண்ணம். எங்கள் மகள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

கோயிலில் பூசை செய்யாமல் ஓட்டக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். டிரெய்லரில் ஏற்றிப் போனோம். ஐயர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"முன்கண்ணாடியைக் காணேல்லை தம்பி. பொட்டை எங்கை வைக்கிறது?"

"மூக்கில வையுங்கோ ஐயா. காத்தில பறந்தாலும் பரவாயில்லை."

ஸ்டியரிங்கில் நூல் கட்டினால் கை இடறும் என்றார் கணவர். எனவே நானே குனிந்து, அந்த இரும்புக் கையின் ஒட்டுப்போட்ட இடத்தில் மஞ்சள் நூலைப் பலமுறை சுற்றிக் கட்டினேன். மேலே சந்தனமும் அப்பினேன். என் பயமெல்லாம் அந்த இடத்தில்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு பயிற்சி நாள். காலை முழுவதும் ஓட்டினார். மகளின் காதுகளைப் பொத்திக்கொண்டு, கார் வளைவில் மறையும் ஒவ்வொரு முறையும் அது திரும்பி வரும்வரை நான் அந்த வளைவையே பார்த்து நின்றேன்.

பந்தய நாளில், கார்களைப் பரிசோதிக்கும் முதியவர் நூலைக் கண்டு இது என்ன என்று கேட்டார். "என் மனைவியின் வேலை," என்று கணவர் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். முதியவர் நூலை வெட்டி, காய்ந்த சந்தனத்தைத் துணியால் துடைத்தார். பிறகு டார்ச்சை அடித்து, என் கணவரைக் கிட்ட வரச்சொன்னார். ஒட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. அன்று ஓட அனுமதி இல்லை.

ஓட்டுவதற்கு முன் அந்த ஒட்டைத் துடைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். பயிற்சி நாளில் மட்டும் பார்க்கவில்லை. நூலை அவிழ்த்தால் என் மனம் நோகும் என்று விட்டுவிட்டாராம்.

இப்போது பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு பட்டறையில் புதிய இரும்புக் கை செய்விக்கிறார். அதே வரைபடம்தான்.

"இந்தமுறை ஒட்டு வடிவா இருக்கும். நீர் பயப்பிடாதையும்."

"ஓம்," என்றேன்.

அந்த வரைபடத்தை இன்னொரு பொறியியலாளரிடம் காட்டச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொன்னால், தொழிற்சாலை மூடப்பட்டது அவரால்தான் என்று நானும் நினைப்பதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். உண்மையில் நான் அப்படி நினைக்கிறேனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

கணவரின் வேலையில் தமக்கு ஐயம் இருப்பதை அவரிடமே சொல்லிய பெண்கள் இதை வாசித்தால், எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த பந்தயத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது.