ஓரத்து முடி உதிராத டயர்

இன்று காலை கோயமுத்தூர் பக்கத்துச் சித்தூர் டயர் கடையில் என் மானம் கப்பலேறியது!

(ஏற்றிவிட்டது வேறு யாருமில்லை. நானே காற்றடித்து வளர்த்த என் பின் டயர்தான்.)

என்னுடையது அறுநூற்றைம்பது சிசி டூரிங் பைக். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பின் சீட்டில் என் மனைவி செல்வி ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

தப்பு என்னுடையதுதான். பைக் வாங்கிய புதிதில் அவள் தம்பியிடம், "மூணாறு வளைவுல வண்டியப் படுக்கப் போட்டன்னா முட்டி தார்ல ஒரசும் மாப்ள!" என்று அளந்துவிட்டேன். அடுக்களையில் இருந்தவள் காதில் விழுந்துவிட்டது.

"உங்க முட்டி ஒரசட்டும். என் உசுரு எனக்கு வேணும்."

அன்றிலிருந்து மூணாறு பக்கம் சித்திரபுரத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அவள் பஸ்ஸில், நான் பைக்கில். அவள் இறங்கும்போது நான் ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். "பறந்துதான வந்தீக?" என்று முறைப்பாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே அவள் தங்கை குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். இந்தத் தடவையாவது சேர்ந்து போக வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. "நல்ல டயராப் போடறேன், நீயே வந்து பாரு" என்று கெஞ்சிக் கூத்தாடிக் கடைக்கு வரவழைத்தேன். (அதற்கும் அவள் பஸ்ஸில்தான் வந்தாள்!)

கடை ரஹ்மத் அக்காவுடையது. பெரிய பைக்குக்கு டயர் என்றால் எங்கள் ஊர் பெருமாட்டிப் பக்கம் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள்.

கெத்தாக நுழைந்தேன். "அக்கா, இருக்கறதுலயே ரொம்ப நாளு ஒழைக்கற டயராக் குடுங்க!"

அக்கா ரேக் பக்கமே போகவில்லை. வெளியே வந்து, பைக் பக்கத்தில் குத்தவைத்து, பழைய டயரை விரலால் தடவினார்.

"ஏனுங்க தம்பி, தெனமும் கோயமுத்தூர் ஹைவேலதான் போறீங்களா?"

"வேலையே அங்கதானுங்க. எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?"

"நடுவால தேஞ்சு தட்டையாயிருச்சு பாருங்க. நேர் ரோட்டுல ஓடுன டயரு இப்படித்தான் இருக்குமுங்க."

அசந்துவிட்டேன்! அதோடு நிறுத்தியிருக்கலாம். "மூணாறும் அடிக்கடி போவனுங்கக்கா" என்று வாயை விட்டேன்.

அக்கா டயரின் ஓரத்தைப் பார்த்தார். பிறகு செல்வியைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க அம்மணி. புது டயருல முடியாட்டம் சின்னச் சின்னதா ரப்பர் நீட்டிட்டு இருக்கும். வளைவுல வண்டியச் சாச்சா ஓரத்துல இருக்கறதெல்லாம் உதிர்ந்துரும். இவுருக்கு அப்படியே இருக்குதுங்க."

"அப்படின்னா?"

"மலைல வண்டி நெட்டுக்குத்தலா, மெதுவாத்தான் போயிருக்குது. முட்டக் கூடைய வெச்சுட்டுப் போறவனாட்டம்."

(அக்கா, ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா!)

செல்வி என்னைப் பார்த்தாள். "அப்ப பஸ்ஸுக்கு முந்தி எப்படி வந்து நின்னீக?"

"...ரெண்டு மணி நேரம் முன்னாடியே கெளம்பிருவேன்."

(தோப்பில் மோட்டார் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான்!)

சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "பின்னால ஆருங்க உக்காருவாங்க? அதுக்குத் தக்கன எடுக்கோணும்."

நான் செல்வியைப் பார்த்தேன்.

"நான்தான்க்கா" என்றாள் செல்வி.

கேட்டீர்களா? இரண்டு வருடம் கழித்து!

அதற்குப் பிறகு அக்கா டயர் தேர்ந்தெடுத்த அழகு இருக்கிறதே, நின்று பார்க்க வேண்டும். என் வண்டி எடையோடு இரண்டு ஆள், இரண்டு பை எல்லாம் கணக்குப் போட்டு, டயரில் அச்சடித்திருக்கும் லோடு நம்பரைப் பார்த்தார். முதலில் எடுத்த டயரில் தயாரித்த தேதியைப் பார்த்துவிட்டு அவரே ஓரமாக வைத்தார். "இது பழசுங்க. சும்மா கெடந்தாலும் ரப்பர் எறுகிப் போயிரும்." என் கண்ணில் அந்தத் தேதி பட்டிருக்கவே படாது!

"இந்தா, இது முழுக்கக் கெட்டி ரப்பரு. ஒழைக்கறதுல இத அடிச்சுக்க முடியாது. ஆனா மலைல மழ பேஞ்சா பிடிப்பு பத்தாதுங்க. இன்னொண்ணு நடுவால கெட்டி, ஓரம் மெத்து. ஹைவேலயும் ஒழைக்கும், வளைவுலயும் புடிக்கும். இத எடுங்க."

"நான்தான் ஓரத்தையே தொடறதில்லீங்களேக்கா?" (மானம்தான் போய்விட்டதே, இனி என்ன!)

"வளைவுல திடீர்னு மாடு குறுக்க வந்தா தொடுவீங்க தம்பி. அன்னைக்கு வேணுமுங்க."

கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மாட்டி முடித்ததும் காற்றை அளந்து வைத்தார். வாரம் ஒருமுறை பார்த்தால்தான் எந்த டயரும் உழைக்கும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"புது டயரு வழுக்குமுங்க. மொத நூறு கிலோமீட்டரு வளைவுல மெதுவாப் போங்க."

நான் தலையாட்டுவதற்குள் செல்வி முந்திக்கொண்டாள்.

"அதப் பத்திக் கவலையே வேண்டாம்க்கா. இவுகளுக்கு வேற மாதிரி ஓட்டவே தெரியாது!"

வீடு வரை பின் சீட்டில் என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருடப் பெருமை போச்சு. ஒரு துளி வருத்தம் இல்லை. ரஹ்மத் அக்கா, நீங்கள் நல்லா இருக்கணும்!

நண்பர்களே, கமெண்டில் மூணாறு கதை எழுதுவதற்கு முன், தயவுசெய்து உங்கள் டயரின் ஓரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரவும்.