ஏறுவதற்கு எதற்குப் பிரேக்

மார்ச் 12, செவ்வாய். வழக்கம்போல் குளித்து, இட்லி சாப்பிட்டு, மலையிலுள்ள என் ஏலத்தோட்டத்துக்குப் போகப் போடி ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஜீப்பில் என் பக்கத்தில் சலவைச் சட்டை போட்ட ஒருவர். விமானக் கம்பெனியில் வியாபாரத் திட்டம் போடுபவராம். உட்கார்ந்ததும் இருபுறமும் தடவி, இல்லாத பெல்ட்டைத் தேடினார்.

ஆள் நிறையும்வரை ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை. அதில் விமானக் கம்பெனிக்காரருக்கு மகிழ்ச்சி.

"நாங்களும் இப்படித்தாங்க. ஒரு சீட்டு காலியாப் பறந்தாலும் நட்டம். பிரேக் பாத்துட்டீங்கல்ல?"

"ஏறத்தானண்ணே போறோம். பிரேக்கு எறங்கும்போதுதான வேணும்!" என்றார் ஓட்டுநர்.

விமானக் கம்பெனிக்காரர் இறங்கி வண்டியை மறித்து முன்னால் நின்றுகொண்டார்.

"வெரசா ஏறு அப்பு! நேரமானா எங்க கூலி போயிரும்" என்றார் தோட்டவேலைக்குப் போகும் ஓர் அம்மா.

"பாக்காம எங்க விமானம் நகராதும்மா."

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே மிதித்தார். பெடல் நேராகத் தரையைத் தொட்டது. சிரிப்பு நின்றது.

வேறு ஜீப் இல்லை; அன்று யாரும் மலையேறவில்லை. கூலி போன அந்த அம்மா திட்டியது ஓட்டுநரை அல்ல, விமானக் கம்பெனிக்காரரைத்தான். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக ஸ்டாண்டுக்குப் போனேன். ஓட்டுநர் பிரேக்கை ஓங்கி மிதித்துக் காட்டினார்.

"பாத்தாச்சுண்ணே! இனி இன்னும் ரெண்டு பேரு ஏறலாம்."